பன்னிரண்டாவது விண்ணப்பம்

நாற்காலிமேல் ஏறி, சுவரிலிருந்த சிலுவைச் சுரூபத்தை அவசர அவசரமாகக் கழற்றிக்கொண்டிருந்தவரைப் பார்த்தால் யாரும் திருடன் என்றுதான் நினைப்பார்கள். அவர்தான் அந்தக் கத்தோலிக்கக் கல்லூரியின் முதல்வர்.

"மெதுவா ஃபாதர், விழுந்து வைக்காதீங்க," என்றார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த ஆபீஸ் சிஸ்டர். "மாதா படம்?"

"அதையும் பீரோவுக்குள்ள வைங்க. பூட்டிடுங்க."

தத்துவத் துறையில் பதினொரு பேர்தான் சேர்ந்திருந்தார்கள். இன்று மாலைக்குள் பன்னிரண்டாவது ஆள் வராவிட்டால் துறைக்கு மூடுவிழா. முதல்வர் இருபது வருடம் பாடம் நடத்திய துறை அது. மிச்சமிருந்தது ஒரே ஒரு விண்ணப்பம். அதில் மதம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு.

"போன வருஷம் ஒருத்தன் மணிச் சத்தம் கேட்டதுக்கே அப்ளிகேஷனைத் திருப்பி வாங்கிட்டுப் போனான்," என்றார் சிஸ்டர். "பூசை, செபம்னு எதையாவது உளறினீங்க, இதுவும் ஓடிடும். வாய் தவறினா நான் இருமுறேன்."

விண்ணப்பித்த பெண் தன் அப்பாவோடு வந்தாள். கையில் தடிமனான நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் கேள்விக்குறிகள். அப்பா பஸ் டிரைவர். உட்காரும்போதே நாலு சுவரையும் சந்தேகமாக ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டார்.

"காலையில பிரசங்கம் உண்டா ஃபாதர்?" என்றாள்.

"சேச்சே, அதெல்லாம் வேணுங்கிறவங்களுக்குத்தாம்மா. நானே பல நாள் போறதில்ல."

அவள் நோட்டில் ஒரு வரியை அடித்தாள்.

"கடவுள் இருக்காருன்னு நிரூபிக்கிறதுக்குன்னே ஒரு பேப்பர் இருக்குன்னு போட்டிருந்தீங்களே?"

"அது பழசும்மா. எடுத்துடப் போறோம்."

இன்னொரு வரியும் போனது.

"சரி, கடவுள் இருந்தா உலகத்துல ஏன் இவ்வளவு கஷ்டம்?"

இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு மாதம் பாடம் நடத்துவார் முதல்வர். நாக்கு துறுதுறுத்தது. "ஆண்டவரோட..." என்று ஆரம்பித்ததும் சிஸ்டர் காசநோய்க்காரர்போல் இருமினார்.

"...ஆண்டாண்டு காலமா அப்படித்தாம்மா இருக்கு," என்று சமாளித்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

டிரைவருக்கு முகமெல்லாம் பல். "சாமியார் காலேஜு, பொண்ணை மாத்திப்புடுவாங்கன்னு வழியெல்லாம் பயந்துகிட்டே வந்தேன் சார். நீங்க என்னடான்னா நம்ம ஆளு மாதிரியே பேசறீங்க! கையெழுத்து எங்க போடணும்?"

முதல்வருக்குப் போன உயிர் வந்தது. பேனா மூடியைத் தானே கழற்றி நீட்டினார். சிஸ்டர் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தி, பெருக்கல் குறி போட்ட இடத்தைக் காட்டினார்.

பெண் எழுந்துவிட்டாள். "வேணாம்பா. வாங்க, வேற காலேஜ் பாக்கலாம்."

"ஏம்மா?" பேனாவை நீட்டியபடியே கேட்டார் முதல்வர். "எங்ககிட்ட என்னம்மா குறை?"

"நம்பறவங்களோட மூணு வருஷம் மல்லுக்கட்டலாம்னு ஆசையா வந்தேன். இங்க யாருக்குமே நம்பிக்கை இல்லையே, ஃபாதர்!"