சாம்பல் நிறப் பொத்தான்

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருட்டு; அங்கிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அந்தப் பக்கம், விளக்கு வெளிச்சத்தில் ஒரு பெரியவர் கைபேசியில் புதுச் செயலியைச் சோதித்துப் பார்க்கிறார். அதிலிருந்து வெளியேற வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆறு நிமிடமாகத் தேடுகிறார். திரையை வடிவமைத்தவள் இருட்டில் நகத்தைக் கடித்தபடி நிற்கிறாள். கண்ணை உறுத்த வேண்டாமே என்று ‘வெளியேறு’ பொத்தானை வெள்ளைமேல் வெளிர்சாம்பலில் வைத்தவள் அவள்தான். சோதனை முடியும்வரை யாரும் உதவக் கூடாது. “கீழ பாருங்கய்யா, கீழ,” என்று முணுமுணுக்கிறாள்; கண்ணாடியில் அவள் மூச்சு படிகிறது. “எனக்குத்தாம்மா கண்ணு மங்கிப்போச்சு, தப்பா நெனச்சுக்காதீங்க,” என்று ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்கிறது. அவருக்கு எதிரே உட்கார்ந்து குறிப்பெடுக்கும் பெண் நிமிரவேயில்லை. கடைசியில் அவர் பார்வை திரையின் அடியில், சரியாக அந்த இடத்தில் வந்து நிற்கிறது. சட்டை நுனியை இழுத்து, ஏதோ அழுக்கென்று அந்த எழுத்துகளைத் துடைக்கத் தொடங்குகிறார்.