பில் அறையில் ஓர் இடம்

"இனிமே நீங்க பெட்ரோல் போடக் கூடாது," என்றார் டாக்டர் தம்பியிடம்.

பெட்ரோல் பங்கின் பின்னறை. ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு டாக்டர் வந்திருந்தார்; பக்கத்தில் மேனேஜர். அக்கா, தம்பி இருவருக்கும் இங்கேதான் வேலை. சீருடையோடு சுவரோரம் நின்றார்கள்.

"பெட்ரோல் ஆவியை நாள் முழுக்க சுவாசிச்சா சிலருக்கு ரத்த அணுக்கள் குறையும். உங்களுக்குக் குறைஞ்சிருக்கு. ஆரம்பம்தான். விலகி இருந்தா ஏறிடும்."

"வேலை?" என்றாள் அக்கா.

"போகாது. பில் ரூமுக்கு மாத்தறேன்," என்றார் மேனேஜர். "அங்க ஒரு இடம்தான் இருக்கு. சம்பளம் அதேதான்."

அக்கா கண்ணை மூடித் திறந்தாள்.

"அந்த இடத்தை அக்காவுக்குக் குடுங்க சார்," என்றான் தம்பி.

"ஏன்டா, ஏசி உனக்கு ஒத்துக்காதா? உங்க அக்கா ரத்தம் நல்லா இருக்கு," என்றார் மேனேஜர்.

"சின்னதுல மருந்து குடுத்தாலும் இப்படித்தான் சார், முதல்ல நீ குடிம்பான்," என்றாள் அக்கா. "பேசாம உள்ள போய் உட்காருடா."

தம்பி தரையைப் பார்த்தான். "அது என் ரத்தம் இல்ல டாக்டர்."

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"ரத்தம் சரியில்லாதவங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பேச்சு. போன மாசம் அக்கா தலைசுத்தி, பம்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. போனா என் வேலை போகட்டும்னு, நர்ஸ் கை கழுவப் போனப்ப எங்க டியூப் ரெண்டுலயும் பேர் ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிட்டேன். குறைஞ்சிருக்கறது அவளுக்கு. அவளைத்தான் உள்ள உட்கார வைக்கணும்."

அக்கா சுவரில் சாய்ந்தாள்.

"பல் தேய்ச்சா ரத்தம் வருதுன்னு நீயா சொன்னே? வாஷ்பேசின்ல கிடந்த ரத்தம்தான் சொல்லிச்சு," என்றாள் மெதுவாக. "உன் வேலை போகக் கூடாதுன்னு, நீ டீ குடிக்கப் போனதும் நானும் மாத்தி ஒட்டினேன்டா. குறைஞ்சது என் ரத்தம்னு நினைச்சுதான் உன்னை உள்ள போகச் சொன்னேன்."

டாக்டர் ஒரு கணம் யோசித்தார். "ரெண்டு தடவை மாத்தினா பேர் சரியான டியூப்லதான் இருக்கு. எதுக்கும் நாளைக்கு நானே வந்து மறுபடி எடுக்கறேன்."

"அப்ப குறைஞ்சது எனக்குத்தானா?" என்று கேட்டுவிட்டு, அந்த அறைக்குள் வந்ததிலிருந்து முதல்முறையாகத் தம்பி சிரித்தான்.