முருங்கைக்குள் ஒரு தேன்சிட்டு

தேன்சிட்டின் குரலுக்கு இன்றைய விலை அறுபத்தெட்டாயிரம் ரூபாய். இரண்டு காதுக்கும் சேர்த்து, பேரம் கிடையாது. ஒரு வாரம் போட்டுப் பார்க்கக் கடையில் தந்த காது மெஷின்களோடு, கல்பாக்கம் குடியிருப்பின் முருங்கை மரத்தடியில் நிற்கிறார் வரதன். ஓய்வுபெற்ற விஞ்ஞானி, இருபது வருடமாகக் குரலை வைத்தே பறவைகளை அடையாளம் கண்டு கணக்கெடுப்பவர். காலை வெயில் இலைகளுக்கிடையே சில்லறையாகச் சிதறுகிறது. தூரத்தில் ஸ்டாஃப் பஸ்ஸின் பிரேக் கிறீச்சிடுகிறது, சவுக்குத் தோப்பில் கடற்காற்று இரைகிறது. விலைக்கேற்ற சரக்குதான், எல்லாம் கேட்கிறது. பூங்கொத்துக்குள் மறைந்திருக்கும் பறவையின் குரல் மட்டும் கேட்கவில்லை. கூட வந்த ஆட்டோக்காரர் தில்லிபாபு மேலே கைகாட்டுகிறார். "இன்னா சார், காதாண்டயே கத்திகினு கீது, கேக்கலயா?" "எப்படிக் கத்துது, கத்திக் காட்டு." தில்லிபாபு வெட்கத்தோடு உதட்டைக் குவித்து, "ச்சுவிட், ச்சுவிட்" என்கிறார். "தேன்சிட்டுதான்யா!" வரதனின் முகம் மலர்கிறது. "அப்ப எய்திக்கோ சார். யாரு வந்து செக் பண்ணப் போறான்?" வரதன் மெஷினின் ஒலியைக் கடைசிவரை கூட்டிப் பார்க்கிறார். காற்றுதான் பெரிதாகிறது. பிறகு கணக்கெடுப்புத் தாளைத் தொடையில் வைத்து எழுதுகிறார்: காகம் ஒன்பது, மைனா நான்கு, கேட்டவர் வரதன். தேன்சிட்டு ஒன்று, கேட்டவர் தில்லிபாபு.