ஈப்போவில் மழை

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸின் முன்னறையில் டிசம்பர் வெயில் ஜன்னல் அளவுக்கு மட்டும் விழுகிறது. மேசைமேல் கலகலா என்ற கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குப் பிசைந்த மாவும், அதை வரி விழ உருட்டிவிட ஒரு புதுச் சீப்பும். செலினும் அவள் அம்மா மெட்டில்டாவும் வேலையைப் பாதியில் விட்டு நிற்கிறார்கள். நேற்றுப் பதிவு செய்த டிரங்க் கால் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு இங்கே வந்திருக்கும் செலினின் தோழி லீலா, மாவு ஒட்டிய விரல்களோடு ரிசீவரைக் காதில் அழுத்துகிறாள். மலேசியாவில், ஈப்போவில், ஒரு சீனர் கடைத் தொலைபேசியில் அவள் அம்மா. படிக்க வந்ததிலிருந்து கேட்காத குரல்.

"அம்மா, நான் லீலா. கேக்குதா?"

அங்கே தகரக் கூரைமேல் மழை கொட்டுகிறது. அந்த இரைச்சலுக்குள் "சாப்பிட்டியா" என்பது மாதிரி ஏதோ வந்து கரைந்துபோகிறது. அதற்குப் பிறகு மழை மட்டும்தான். லீலா மறுபடி கூப்பிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டு, கேட்கிறாள்.

"சத்தமா பேசும்மா, எக்ஸ்சேஞ்சுக்காரன் கட் பண்ணிடுவான்," என்கிறார் செலினின் அப்பா தனசிங்.

"நக்கோ, வேணாம், சும்மா இருங்க," என்று மெட்டில்டா அவர் கையைப் பிடித்து நிறுத்துகிறாள்.

இணைப்பு அறுகிறது. ரிசீவர் இன்னும் காதிலேயே இருக்கிறது.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று செலின் கேட்கிறாள்.

"அங்க மழை," என்கிறாள் லீலா. "எங்க அம்மா நனைஞ்சுக்கிட்டே வந்திருப்பாங்க."