அழித்த வளைவு

முப்பது வருடமாக இந்த நிலையத்துக்கு இறங்க வரும் எல்லா விமானமும் வழியில் ஓர் இடத்தில் இடப்பக்கம் திரும்பிச் சுற்றித்தான் வரும். அங்கே மலையும் கிடையாது, கோபுரமும் கிடையாது. பழைய வரைபடத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். இன்று காலை ஆறு மணியோடு அதை அழித்தாயிற்று. கட்டுப்பாட்டு அறையில் செண்பகவல்லி நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள். முதல் விமானம் பழக்க தோஷத்தில் மூக்கைத் திருப்பியது.

"கேப்டன், அந்த வளைவை எடுத்தாச்சு. நேரா வாங்க!"

"நிஜமாவா மேடம்?"

"சத்தியமா!"

விமானம் ஒரு கணம் தயங்கி நிமிர்ந்தது. அறையே கைதட்டியது. விமானம் ஏழு நிமிடம் முன்னதாகவே தரை தொட்டது.

"முந்நூறு கிலோ எரிபொருள் மிச்சம் மேடம்! ஆனா ஏணி வைக்க ஆளைக் காணோமே?"

செண்பகவல்லி கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். ஏணி வண்டிக்காரர் பாதி டீயோடு விமானத்தையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தபடியே ஓடிக்கொண்டிருந்தார்.