சத்தமில்லாத சாவு வீடு

“யாரும் வாய்விட்டு அழக்கூடாது லா. மேனேஜர் வந்துட்டுப் போற வரைக்கும் எல்லாரும் டியாம். மூச்சு விடக்கூடாது!”

சொல்லிவிட்டுச் சன்னாசி கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். நடுவில் அவன் அம்மா கருப்பம்மாள் கிடந்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவனை முறைத்தார்கள்.

சன்னாசிக்குக் கமுந்திங்கில் ஜப்பான் கம்பெனியில் வேலை. போன வருஷம் பயிற்சிக்கு என்று அவனை ஓசாகாவுக்கு அனுப்பினார்கள். ‘கிழக்கே பாருங்கள்’ என்று மலேசிய அரசாங்கமே சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பக்கம் திருப்பிய கழுத்தைச் சன்னாசி அப்புறம் திருப்பவே இல்லை. இப்போது தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை காலி. யாருக்கு என்று மேனேஜர் குசாகா இந்த வாரம் முடிவு செய்கிறார். அப்பேர்ப்பட்டவர் துக்கம் விசாரிக்க நேரில் வருகிறார் என்றால் சும்மாவா? சன்னாசிக்கு அது சாவு வீடாகவே தெரியவில்லை, இன்டர்வியூவாகத் தெரிந்தது.

“தப்பு அடிக்கிறவங்க வந்து நிக்கிறாங்கடா,” என்றார் தாய்மாமா மாயாண்டி.

“காப்பிக் கடையில உக்காரச் சொல்லுங்க மாமா. அப்புறமா கூப்பிடலாம்.”

“அது சரி, தலைய ஏன் வடக்கால வச்சிருக்கே? நமக்குத் தெக்குதானே?”

“ஜப்பான்ல வடக்குதான் மாமா.”

“உங்கம்மா என்ன ஜப்பானுக்கா போறா?”

சன்னாசி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓசாகாவில் அவன் பார்த்தது ஒரே ஒரு சாவு. கறுப்பு உடுப்பில் வரிசையாக வந்தார்கள். ஒரு சிட்டிகை வாசனைத் தூளை எடுத்து நெற்றிக்கு நேரே உயர்த்தி நெருப்பில் போட்டார்கள். குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். ஒரு விம்மல் இல்லை. இதல்லவா நாகரிகம் என்று அன்றைக்கே வாயைப் பிளந்துவிட்டான். அதே மாதிரி இங்கேயும் சாம்பிராணித் தட்டு வைத்தாயிற்று. சுடுகாட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் மேலே தூவிக்கொள்ள உப்புப் பொட்டலமும் தயார். மாயாண்டி அதில் ஒன்றைப் பிரித்து நக்கிப் பார்த்துவிட்டு, “மாங்கா எங்கடா?” என்று கேட்டார்.

“மாமா, கொஞ்சம் சும்மா இருங்க.”

“அப்ப சண்டைக் காலத்துல வந்து நம்மள அழ வச்சான் ஜப்பான்காரன். இப்ப வந்து அழக்கூடாதுங்கிறான்,” என்று முணுமுணுத்துக்கொண்டே மாயாண்டி வெளியே போனார்.

செல்லாயிதான் அடங்கவில்லை. கருப்பம்மாளோடு காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால்மரம் சீவியவள். லயத்தில் யார் செத்தாலும் ஒப்பாரியை எடுத்துக் கொடுப்பது அவள்தான். அழுது முடித்தால் அரிசியும் சேலையும் கொடுத்து அனுப்புவார்கள்.

“ஏண்டா, பெத்தவளுக்கு ரெண்டு வரி பாடி அழுதா உன் வேலை போயிருமா?”

“போயிரும் அத்தே. அவங்களுக்கு இதெல்லாம் காட்டுத்தனம். என் மானத்த வாங்காதீங்க.”

“நீயாவது அழுதியாடா?”

அவன் அழவில்லை. சூப்பர்வைசர் ஆன பிறகு அழுதுகொள்ளலாம் என்று வந்த அழுகையையும் தள்ளிவைத்தான்.

கார் வந்தது. நரைத்த தலையோடு, கறுப்புக் கோட்டில் குசாகா இறங்கினார். சாம்பிராணி போட்டார். குனிந்து வணங்கினார். பிறகு தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். கிளம்புகிற மாதிரி தெரியவில்லை. அடிக்கடி பெண்கள் பக்கம் பார்த்தார். சன்னாசி தன் ஏற்பாட்டை எண்ணிப் பூரித்துப் போனான்.

“எல்லாம் ஜப்பான் முறைப்படிதான், துவான். ஒரு சத்தம் இல்லை பாருங்கள்,” என்று மலாயில் மெல்லச் சொன்னான்.

“அழுகிற பெண்கள் உங்களில் உண்டு என்று என் டிரைவர் சொன்னானே?” குசாகாவும் மலாயிலேயே கேட்டார்.

“சேச்சே! அரிசிக்கும் துணிக்கும் அழுவதெல்லாம் கேவலம், துவான். மானமுள்ள குடும்பத்தில் அதைச் செய்வார்களா?”

செல்லாயிக்கும் மலாய் புரியும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

குசாகாவின் முகம் கறுத்தது. விருட்டென்று எழுந்து காருக்குப் போனார். சன்னாசிக்குப் பாதி உயிர் போய்விட்டது. திரும்பி வந்தவர் கையில் ஒரு பை அரிசி இருந்தது. தலை குனிந்திருந்த செல்லாயியின் முன்னால் அதை இரண்டு கையாலும் வைத்து, நெற்றி தரையில் படும்படி வணங்கினார்.

“அம்மா, தயவுசெய்து அழுங்கள்,” என்றார். “எங்கள் கிராமத்தில் ஒரு படி அரிசி கொடுத்தால் மெதுவாக அழுவார்கள். இரண்டு படி கொடுத்தால் ஊருக்கே கேட்கும்படி அழுவார்கள். அப்படிச் சாவு வீடு சாவு வீடாகப் போய் அழுதுதான் என் தாய் என்னைப் படிக்க வைத்தாள்.”

செல்லாயி வாயைத் திறப்பதற்குள், “ஐயோ அம்மா, போச்சே!” என்று சன்னாசி மாரில் அடித்துக்கொண்டு அலறினான், போனது பெற்றவளா சூப்பர்வைசர் வேலையா என்று செல்லாயிக்கே விளங்கவில்லை.