கறுப்புத் துணிக்குள்ளே

பரிசல் ஒரு சுழியில் சிக்கிச் சுற்றியதும் பெங்களூர்க்காரர்கள் மூவரும் அவரவர் கேமராவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். கிருஷ்ணப்பன் மட்டும் கேமராவை விட்டுவிட்டு, சட்டைக்குள் வைத்திருந்த பழுப்பு உறையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார்.

"உறையில என்னா சார், சொத்துப் பத்திரமா?" என்றான் பரிசல்காரன் திம்மராயன். மற்றவர்கள் சிரித்தார்கள். கிருஷ்ணப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் ஓசூரில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்கும் பெங்களூர்ச் சங்கத்தாரை அஞ்செட்டி வழியாக ஜீப்பில் அழைத்துவந்து, பிலிகுண்டுலுவில் பரிசல் ஏற்றியிருந்தார். ஆற்றோடு ஒகேனக்கல் வரை போவதாக ஏற்பாடு. இரண்டு பக்கமும் பச்சை என்று சொல்ல ஓர் இலை இல்லாமல் வெயிலில் வெந்து நிற்கும் பாறைச் சுவர்கள். நடுவில் மாசி மாதத்துக் காவிரி, சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

உறைக்குள் இருந்தது மூன்று வருஷத்துக்கு முன், ஓர் ஐப்பசி மாலையில், இதே ஆற்றில் அவர் எடுத்த படம். பாறைமேல் ஒரு பெண் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி நிற்கிறாள். 'அந்தி வணக்கம்' என்று பெயர் வைத்தார். கண்காட்சியில் முதல் பரிசு கிடைத்தது. சூரியனைக் கும்பிடுகிறவளின் கண்கள் நம்மையே பார்ப்பதுதான் இதில் விசேஷம் என்று நடுவர் பாராட்டினார்.

இரண்டு மாதம் கழித்து அஞ்செட்டிச் சந்தையில் மீன் விற்றவள் ஒருத்தி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். அவர் படமெடுத்த அதே நாள், அதே இடத்தில் பரிசல்காரன் கங்கப்பனை வெள்ளம் கொண்டுபோய்விட்டதாம். அவன் பெண்டாட்டி செல்லி பாறைமேல் ஏறிக் கையைத் தூக்கிக் கத்திக்கொண்டே நின்றாளாம். அதற்கு மேல் கேட்கக் கிருஷ்ணப்பனுக்குத் தைரியம் வரவில்லை.

புருஷன் முழுகுகிறான், காப்பாற்று என்று ஒருத்தி கதறியிருக்கிறாள். இவரோ வெளிச்சம் போய்விடப் போகிறதே என்று படம் எடுத்திருக்கிறார். ஆற்று இரைச்சலில் எதுவும் காதில் விழவில்லை என்பது உண்மைதான். எடுத்து முடித்ததும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வந்த வழியே எதிர்ப்பக்கத்துக் கொள்ளேகால் கரையேறி வண்டி பிடித்துப் போனதும் உண்மைதான்.

இந்தப் பயணத்துக்கு அவர் ஒப்புக்கொண்டதே அவளைக் கண்டு மன்னிப்புக் கேட்கத்தான்.

வளைவு தாண்டியதும் திம்மராயன் ஒரு மணல் திட்டில் பரிசலை ஒதுக்கினான். கிருஷ்ணப்பன் விசாரித்தபோது, இங்கே பயணிகளுக்கு மீன் வறுத்துப் போடுகிறவள்தான் செல்லி என்றான். அவளுடைய அடுப்புக்குச் சற்றுத் தள்ளி, புங்க மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு இரண்டு கற்கள் நடப்பட்டிருந்தன. இரண்டுக்கும் மஞ்சள் பூசி அரளிப்பூ வைத்திருந்தது.

"அன்னிக்கு ஆறு ரெண்டு பேரக் கொண்டுக்கிச்சு சார்," என்று திம்மராயன் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு கங்கப்பன். இன்னொரு ஆளு யாரு எவருன்னு தெரியல. பொணமும் கெடைக்கல. கேக்க நாதியில்லாத உசுருன்னு இவளே அதுக்கும் ஒரு கல்லு நட்டுட்டா."

அப்படியானால் கங்கப்பனின் பரிசலில் இன்னொருவனும் இருந்திருக்கிறான். இத்தனை நாளாக ஓர் உயிருக்காகத் தூக்கம் கெட்ட கிருஷ்ணப்பனுக்கு இப்போது இரண்டு உயிராயிற்று.

மற்றவர்கள் பாறைகளைப் படமெடுக்கப் போன பிறகு அவர் அடுப்பருகே போய் உட்கார்ந்து, படத்தை எடுத்து நீட்டினார். செல்லி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அதில் நிற்பது தான்தான் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. எடுத்தது, பெயர் வைத்தது, பரிசு வாங்கியது எல்லாவற்றையும் சொன்னார். "உம் புருஷன் முழுகறான்னு நீ கூப்பிட்டிருக்கே. நான் படம் புடிச்சிட்டுப் போயிட்டேன், தாயி."

செல்லி அழவில்லை, ஏசவுமில்லை. "எங்க நின்னு புடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

எதிர்க்கரையை ஒட்டித் தாழக் கிடந்த தட்டைப் பாறையை அவர் காட்டினார்.

"தலையில கறுப்புத் துணியப் போத்திக்கிட்டா?"

பெரிய கேமராவில் அப்படிப் போர்த்திக்கொண்டுதான் பார்க்க வேண்டும் என்றார் அவர். உள்ளே கண்ணாடியில் தெரிகிற படம் தவிர வெளியில் நடக்கிற எதுவும் தெரியாது என்றும் சொன்னார்.

அவள் படத்திலிருந்து கண்ணை எடுத்து எதிர்க்கரைத் தட்டைப் பாறையைப் பார்த்தாள்.

"அப்ப அவரு முழுகல சாமி. நான் நின்ன பாறைக்குப் பின்னாலதான், பரிசல்கிட்ட நின்னுக்கிட்டிருந்தாரு. மேல வெள்ளம் எறங்கிருச்சு, ஓடு ஓடுன்னு அந்தத் துணியப் பாத்துத்தான் கத்துனேன். அது அசையவே இல்ல. நான் போயி அந்தாள இட்டாரேன்னு அவரு பரிசலத் தூக்கிக்கிட்டு வளைவுக்கு மேல ஓடுனாரு. நானும் பின்னாலயே ஓடிட்டுத் திரும்பிப் பாத்தா எங்க பாத்தாலும் வெள்ளம், அந்தத் துணியயும் காணல."

சட்டியில் மீன் தீய்ந்தது. செல்லி எழுந்து மரத்தடிக்குப் போனாள். இரண்டாவது கல்லைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி கல்லைப் பார்த்தாள்.

"அப்ப இத உங்களுக்கா நட்டேன்?"